சுங்க வரியை விஞ்சும் சோதனைச் சுவர்: கடல் கடக்கத் திணறும் இந்திய மாம்பழம்

புது தில்லி: முக்கனிகளுள் முதற்கனியாகிய மாம்பழத்தை உலகிலேயே மிக அதிகமாக விளைவிக்கும் நாடு இந்தியா. உலக விளைச்சலில் ஏறத்தாழ 40 சதவீதம் நம் தோப்புகளில்தான் காய்க்கிறது. ஆனால், இதில் ஏற்றுமதியாவது மிகச் சிறு பங்கே. அமெரிக்கச் சந்தையில் மெக்சிகோ நாட்டு மாம்பழமே கோலோச்சுகிறது. அல்போன்சாவுக்கு இணையான சுவை அதற்கு இல்லை என்று நம்மவர் பெருமை பேசலாம். ஆயினும், பன்னாட்டு வணிகத்தில் சுவை மட்டும் கதவைத் திறந்துவிடுவதில்லை.

சுங்க வரிதான் வணிகத்துக்குப் பெருந்தடை என்பது பொதுவான எண்ணம். வரியின் அளவு வெளிப்படையாகத் தெரியும். அதைக் கணக்கிட்டு விலை வைக்க முடியும். பூச்சி, நோய், ஆவணம் ஆகியவற்றின் பெயரால் எழும் தடைகள் அப்படிப்பட்டவை அல்ல. உலக வர்த்தக அமைப்புடன் 1995-இல் நடைமுறைக்கு வந்த உடல்நல, தாவரநலப் பாதுகாப்பு ஒப்பந்தம், அறிவியல் ஆதாரம் இருந்தால் இத்தகைய தடைகளை விதிக்க எந்த நாட்டுக்கும் உரிமை அளிக்கிறது.

கொட்டைக்குள் ஒளிந்த வண்டு

மாங்கொட்டை வண்டு, பிஞ்சுக் காயின் மேல் முட்டையிடும். புழு உள்ளே துளைத்துச் சென்று கொட்டைக்குள் வளரும். பழத்தை வெளியில் இருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. இதைக் காரணம் காட்டி 1989 முதல் இந்திய மாம்பழத்துக்கு அமெரிக்கா தடை விதித்திருந்தது. பழ ஈயைக் காரணம் காட்டி, ஜப்பான் 1986-லேயே கதவை அடைத்துவிட்டது.

ஜப்பானின் தடை 2006-இல் நீங்கியது. பழத்தை நீராவி வெப்பத்தில் ஏறத்தாழ 47 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கி ஈ முட்டைகளை அழிக்கும் முறை அதற்கு வழி செய்தது. கொட்டைக்குள் இருக்கும் வண்டுக்குக் கதிர்வீச்சு தேவைப்பட்டது. வெங்காயம் முளைவிடாமல் தடுப்பதற்காக, நாசிக் அருகே லாசல்காவில் பாபா அணு ஆராய்ச்சி மையம் அமைத்த கூடமே மாம்பழத்துக்கும் கைகொடுத்தது. குறைந்தது 400 கிரே அளவு காமா கதிர்வீச்சுக்கு உட்படுத்தினால் வண்டு பெருக முடியாது.

மாம்பழத்துக்கு மோட்டார் சைக்கிள்

அறிவியல் தீர்வுக்கு அரசியல் இசைவும் வேண்டியிருந்தது. 2006 மார்ச்சில் தில்லி வந்த அமெரிக்க அதிபர் புஷ், பிரதமர் மன்மோகன் சிங்குடன் நடத்திய பேச்சின்போது மாம்பழத்துக்கு வழி பிறந்தது. 2007 ஏப்ரல் இறுதியில் முதல் பெட்டிகள் நியூயார்க்கை அடைந்தன. அதே மாதம், ஹார்லி டேவிட்சன் போன்ற கனரக மோட்டார் சைக்கிள்களுக்குத் தடையாக இருந்த புகை வெளியேற்ற விதியை இந்தியா தளர்த்தியது.

விதி தளர்ந்தாலும் உயர்ந்த இறக்குமதி வரி நீடித்தது. எனவே, அந்த நிறுவனம் 2011-இல் ஹரியாணாவின் பாவலில் பாகங்களைப் பூட்டும் ஆலையைத் தொடங்கியது. எதிர்பார்த்த விற்பனை இல்லாததால் 2020-இல் நேரடி வணிகத்தைக் கைவிட்டு, ஹீரோ மோட்டோகார்ப் நிறுவனத்துடன் கைகோத்தது. கதவு திறப்பது வேறு. உள்ளே நிலைப்பது வேறு.

சுமை யார் தலையில்?

மாம்பழத்தின் கதையும் இதுவே. அமெரிக்க ஆய்வாளர் இந்தியாவுக்கு வந்து மேற்பார்வையிட்ட பிறகே பழம் விமானம் ஏற முடியும். அந்தச் செலவும் ஏற்றுமதியாளருடையதே. 2019-20-இல் 1,095 டன் மட்டுமே அமெரிக்கா சென்றது. அதன் மதிப்பு 43.5 லட்சம் டாலர். கரோனா காலத்தில் ஆய்வாளர்கள் வர இயலாததால், 2020, 2021 ஆகிய இரு பருவங்கள் வீணாயின. 2021 நவம்பரில் ஏற்பட்ட உடன்பாட்டுக்குப் பின்னரே, 2022-இல் ஏற்றுமதி மீண்டும் தொடங்கியது.

ஐரோப்பிய ஒன்றியமும், பழ ஈ காணப்பட்டதாகக் கூறி, 2014 மே 1 முதல் இந்திய மாம்பழத்தையும் பாகற்காய், கத்தரிக்காய் உள்ளிட்ட நான்கு காய்கறிகளையும் தடை செய்தது. இந்தியா சோதனைக் கூடங்களை மேம்படுத்திய பிறகு, 2015 தொடக்கத்தில் மாம்பழத் தடை விலக்கப்பட்டது.

பூச்சி இல்லாவிட்டாலும் காகிதம் காலை வாரும். 2025 மே மாதம், நவி மும்பையில் கதிர்வீச்சு முடித்து அனுப்பப்பட்ட 15 சரக்குகளை, ஆவணம் முறையாக இல்லை என்று கூறி அமெரிக்க அதிகாரிகள் நிராகரித்தனர். திருப்பி அனுப்பும் செலவு பழத்தின் விலையை மிஞ்சும் என்பதால், அவற்றை அங்கேயே அழிக்க நேர்ந்தது. ஏறத்தாழ 5 லட்சம் டாலர் நஷ்டம் என்று ஏற்றுமதியாளர்கள் தெரிவித்தனர்.

மாற்று வழி

பழமாக நுழைய முடியாத இடத்தில் கூழாக நுழைவது ஓர் உத்தி. பதப்படுத்திய கூழில் வண்டுக்கும் ஈக்கும் இடமில்லை. ஆந்திரத்தின் சித்தூர், தமிழகத்தின் கிருஷ்ணகிரி ஆலைகள் இவ்வகையில் வெளிநாட்டுச் சந்தைகளைப் பிடித்துள்ளன. ஆனால், கூழுக்குக் காய் தரும் விவசாயிக்குப் பழத்துக்கு உரிய விலை கிடைப்பதில்லை.

தோப்பிலேயே பூச்சிக் கட்டுப்பாடு, விளையும் மாநிலங்களிலேயே சோதனைக் கூடங்கள், பிழையற்ற ஆவணங்கள் ஆகிய மூன்றும் அமைந்தால்தான் திறந்த கதவு திறந்தபடியே இருக்கும். அதிபர்களும் பிரதமர்களும் பேசித் திறந்த கதவை, ஒரு படிவத்தில் நேரும் பிழை மூடிவிடக் கூடும். மாம்பழப் பருவமோ சில வாரங்களே. பழம் யாருக்காகவும் காத்திருப்பதில்லை.