வீட்டுக்குள் செத்த எலி வாடை

சம்பா அறுவடை முடிந்து நெல் வீடு வந்து சேர்ந்ததும் எலிகளும் கூடவே வந்து சேருகின்றன. பத்தாயத்தின் அடியிலும் பரணிலும், ஓட்டுக்கும் கைமரத்துக்கும் இடையிலுள்ள சந்திலும் அவை குடியேறிவிடுகின்றன. இரவெல்லாம் ஓடும் சத்தம் பொறுக்காமல் வீட்டார் எலி மருந்துக் கட்டி வாங்கிவந்து பத்தாயத்தடியில் இரண்டும் பரணில் இரண்டுமாக வைக்கிறார்கள். நாலைந்து நாளில் சத்தம் நின்றுவிடுகிறது. அதற்கடுத்த இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ கூடத்தில் ஒரு வாடை கிளம்புகிறது. சாம்பிராணி போட்டாலும் ஊதுபத்தி கொளுத்தினாலும் அது போவதில்லை. இரண்டும் கலந்து இன்னும் குமட்டும்.

'மருந்து தின்ற எலி தாகமெடுத்துத் தண்ணீர் தேடி வெளியே போய்ச் செத்துவிடும்' என்று விற்பவரும் சொல்வார், வாங்குபவரும் நம்புவார். இதில் உண்மை இல்லை. இப்போது கடைகளில் பரவலாகக் கிடைக்கும் புரோமடையலோன் கட்டி, இரத்தம் உறைவதைத் தடுத்து உள்ளுக்குள் கசியவைத்து எலியைக் கொல்கிறது. தின்றபின் எலி சாகச் சில நாட்கள் ஆகும். சோர்ந்துபோன எலி தன் வளைக்குள்தான் முடங்கும். அந்த வளை சுவருக்குள் இருந்தால் பிணமும் சுவருக்குள்தான் கிடக்கும்.

வாடை எத்தனை நாள் நீடிக்கும் என்பது எலியின் பருமனையும் இடத்தின் ஈரத்தையும் பொறுத்தது. சுண்டெலி ஒரு வாரத்தில் காய்ந்து அடங்கிவிடலாம். பெரிய எலியும் பெருச்சாளியும் இரண்டு மூன்று வாரம் வரை நாறும். மழைநாளில், ஈரம் ஏறிய மண்சுவரில் இன்னும் கூடும்.

இடத்தைக் கண்டுபிடிப்பதுதான் பாதி வேலை. வாடைக்குள்ளேயே இருப்பவரின் மூக்கு மரத்துப்போய்விடும். ஆகவே வீட்டில் படுத்திருந்தவர் தேடிப் பயனில்லை. இரவு சன்னல்களையும் கதவுகளையும் அடைத்து வைத்து, காலையில் வெளியிலிருந்து ஒருவரை வரச்செய்து முகர்ந்து பார்க்கச் சொல்லவேண்டும். அடுத்த வீட்டுக்காரரே போதும். பச்சை, நீல நிறத்தில் மினுக்கும் பெரிய ஈக்கள் ஒரே இடத்தைச் சுற்றினால் பிணம் அருகில் இருக்கிறது என்று கொள்ளலாம். எறும்புச் சாரி போகும் திசை, சுவரில் திடீரென ஊறிய கறை, பூனை முகர்ந்து நிற்கும் மூலை ஆகியவையும் வழிகாட்டும். ஓட்டு வீட்டில் நாலு ஓட்டைப் புரட்டினால் வேலை முடிந்தது. அடுக்கிய மூட்டைகளுக்கு இடையில் என்றால் அடுக்கு முழுவதையும் பிரிக்கத்தான் வேண்டும். அலுப்புப் பார்க்கக் கூடாது.

கண்ட பிணத்தை வாலைப் பிடித்து வெறுங்கையால் தூக்குவது தவறு. எலியின் சிறுநீர் வழியாக எலிக்காய்ச்சல் பரவுகிறது. கால் கைகளில் புண் உள்ளவர்களுக்கு ஆபத்து அதிகம். உடல் குளிர்ந்ததும் அதிலிருந்த தெள்ளுப்பூச்சிகள் வேறு உடல் தேடிக் கிளம்பும். ஒரு லிட்டர் தண்ணீரில் 15 கிராம் பிளீச்சிங் பவுடர் கரைத்து, தெளிந்த நீரைப் பிணத்தின் மீதும் சுற்றிலும் ஊற்றிப் பத்து நிமிடம் விடவேண்டும். பிறகு பாலிதீன் பையைக் கையுறைபோல் மாட்டிக்கொண்டு எடுத்து, பையை உட்புறம் வெளிப்புறமாகப் புரட்டி முடிச்சுப் போடலாம். பிளீச்சிங் கரைசலோடு ஆசிட்டைச் சேர்க்கவே கூடாது. மூச்சை அடைக்கும் வாயு கிளம்பும்.

கிணற்றுக்கும் குழாய்க்கும் தள்ளி இரண்டடி ஆழத்தில் பிணத்தைப் புதைக்கவேண்டும். எருக்குழியிலோ வாய்க்காலிலோ வீசினால் நாயும் காக்கையும் இழுத்துப்போகும். மருந்து தின்று செத்த எலியைத் தின்னும் பூனைக்கும் ஆந்தைக்கும் அதே மருந்து உள்ளே போகிறது. கூலி கேட்காமல் வயலில் இரவெல்லாம் எலி பிடிக்கும் ஆந்தையை இப்படி இழப்பது விவசாயிக்குத்தான் நட்டம்.

பத்தாயத்துக்குள் எலி செத்துக் கிடந்தால், அதைச் சுற்றி ஈரமும் கறையும் பட்ட நெல்லை அள்ளிப் புதைத்துவிடவேண்டும். கழுவிக் காயவைத்துக் கோழிக்குப் போடலாம் என்ற எண்ணம் வேண்டாம்.

சுவருக்குள் எட்டாத இடத்தில் கிடந்தால் சுவரை இடிப்பதற்கு முன் பொந்து வாய்களைக் களிமண்ணோ சிமெண்டோ வைத்து அடைத்துப் பார்க்கலாம். ஈயும் புழுவும் வீட்டுக்குள் வருவது குறையும். உடல் தானே காயும். தட்டுகளில் மரக்கரித் துண்டுகளைப் பரப்பி வைத்தால் வாடை ஓரளவு தணியும். பகலில் சன்னல்களைத் திறந்தே வைக்கவேண்டும்.

வேறொரு வாடையையும் பிரித்தறிவது அவசியம். சிலர் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையை வீட்டுப் பொந்துகளில் போடுகிறார்கள். ஈரக்காற்றுப் பட்டதும் அதிலிருந்து பாஸ்பீன் என்ற நச்சுவாயு வெளிவரும். அது பூண்டு போலவோ அழுகிய மீன் போலவோ மணக்கும். அந்த வாடை வந்தால் எலியைத் தேடிக்கொண்டிருக்கக் கூடாது. குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் வெளியேறி, உடனே மருத்துவமனைக்குப் போகவேண்டும். வாடை வராவிட்டால் வாயு இல்லை என்றும் நம்பிவிட முடியாது. 2024 நவம்பரில் சென்னையை அடுத்த குன்றத்தூரில், எலிக்காக மருந்து வைத்த வீட்டில் உறங்கிய குடும்பத்தில் இரண்டு குழந்தைகள் இறந்தன. ஆள் படுக்கும் வீட்டுக்குள் இந்த மாத்திரைக்கு இடமே இல்லை.

வீட்டுக்குள் பொறிதான் ஏற்றது. பொறியில் விழும் எலி எங்கே கிடக்கிறது என்று தெரியும், காலையில் எடுத்துவிடலாம். கருவாட்டுத் துண்டோ சுட்ட தேங்காயோ வைத்து, எலி ஓடும் சுவரோரமாகப் பொறியை வைக்கவேண்டும். முதல் இரண்டு இரவு பொறியை விசையேற்றாமல் இரை மட்டும் வைத்துப் பழக்கினால் எலியின் சந்தேகம் தீரும். விஷக் கட்டியை வீட்டுக்கு வெளியே, வேலியோரத்திலும் வைக்கோற்போர் அருகிலும், கோழியும் குழந்தையும் எட்டாதபடி மூங்கில் குழாய்க்குள் வைப்பதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

நெல் மூட்டைகளைச் சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளி, மரச்சட்டத்தின் மேல் அடுக்கினால் அடுத்த முறை பிணம் தேடவும் வசதி, பொறி வைக்கவும் வசதி.