வீட்டுக்கு ஒரு காற்றாலை வைத்தால் கரண்ட் பில் குறையுமா? உத்தரகோசமங்கை பக்கம் ஒரு கணக்கு

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். ராமநாதபுரம் மாவட்டம் உத்தரகோசமங்கை பக்கம் ஆனி, ஆடியில் போய் நின்றால் அது சும்மா சொன்ன பேச்சு இல்லை என்று புரியும். மலை கிடையாது. கண்மாய்க் கரை, பனைமரம், கோயில் கோபுரம் இவற்றை விட்டால் எங்கு பார்த்தாலும் சமவெளி.

"காத்து சும்மாதானே வீசுது, ஒரு காத்தாடிய நட்டு கரண்ட் எடுத்தா என்ன?" என்று தோன்றுவது இயல்பு. சென்னையிலோ துபாயிலோ வேலை பார்த்துக்கொண்டு, ஊரில் வீடும் தோட்டமும் வைத்திருப்பவர்களின் போனிலும் சிறிய காற்றாலை விளம்பரங்கள் வந்தபடி இருக்கின்றன. பணத்தைப் போடும் முன் போட வேண்டிய கணக்கு ஒன்று இருக்கிறது.

விளம்பரத்தில் இருக்கும் கிலோவாட் வீட்டுக்கு வருமா?

காற்றாலையின் ரகசியம் ஒரே வரிதான்: காற்றின் வேகம் இரண்டு மடங்கானால், அதில் உள்ள ஆற்றல் எட்டு மடங்காகும். இதைத் திருப்பிப் போட்டால்தான் சிக்கல் தெரியும். வேகம் பாதியானால் மின்சாரம் எட்டில் ஒரு பங்காகிவிடும்.

இறக்கைகள் சுற்றும் வட்டத்தின் குறுக்களவு 3 மீட்டர், அதாவது சுமார் 10 அடி உள்ள ஒரு காற்றாலையை எடுத்துக்கொள்வோம். மணிக்கு 36 கி.மீ. வேகத்தில் காற்று வீசினால், இது ஏறக்குறைய 1,200 வாட் தரும். அதே காற்றாலை 18 கி.மீ. காற்றில் தருவது சுமார் 160 வாட்தான். ஒரு ஃபேனும் நாலைந்து எல்.இ.டி பல்பும் ஓடும், அவ்வளவே. வேகம் 10 கி.மீ.க்குக் கீழே போனால் பெரும்பாலான காற்றாலைகளில் பெயருக்குக்கூட மின்சாரம் வராது.

'1 கிலோவாட் காற்றாலை' என்று அட்டையில் போட்டிருப்பது பலத்த காற்றில் கிடைக்கும் அளவு. தினசரி கிடைக்கும் அளவு அல்ல.

விளம்பரம் உண்மையா என்று பார்க்கவும் ஒரு வழி உண்டு. காற்றில் உள்ள ஆற்றலில் 59.3 சதவீதத்துக்கு மேல் எந்தக் காற்றாலையாலும் எடுக்க முடியாது என்று ஜெர்மன் இயற்பியலாளர் ஆல்பர்ட் பெட்ஸ் 1919-லேயே கணக்கிட்டுச் சொல்லிவிட்டார். அதன்படி, 4 அடி குறுக்களவுள்ள காற்றாலை மணிக்கு 43 கி.மீ. காற்றில்கூட 700 வாட்டைத் தாண்ட முடியாது. அதே அளவு இறக்கையைக் காட்டி '5 கிலோவாட்' என்று யாராவது விற்றால், நம்ப வேண்டியதில்லை.

மொட்டை மாடியில் வைத்தால் போதாதா?

போதாது. தரைக்குப் பக்கத்தில் காற்று மரத்திலும் சுவரிலும் மோதிச் சிதறுகிறது. ராமநாதபுரத்தில் திரும்பிய பக்கமெல்லாம் நிற்கும் சீமைக்கருவேலமே இதற்குப் போதும். சிதறிய காற்றில் மின்சாரமும் குறையும், பேரிங்கும் சீக்கிரம் போகும். மாடியில் பொருத்தினால் அதிர்வு சுவர் வழியாக வீட்டுக்குள்ளும் இறங்கும்.

சுற்றிலும் 150 மீட்டருக்குள் இருக்கும் எந்த மரத்தையும் கட்டடத்தையும் விட, இறக்கையின் கீழ்நுனி குறைந்தது 10 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும் என்பது சிறிய காற்றாலைகளுக்கான பொது விதி. திறந்தவெளியில் கோபுரத்தை 10 மீட்டரிலிருந்து 20 மீட்டராக உயர்த்தினால், மின்சாரம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூடும். ஆனால் கோபுரம், அதை இழுத்துப் பிடிக்கும் கம்பிகள், அஸ்திவாரம் என்று செலவும் கூடவே ஏறும்.

யூனிட் கணக்கு என்ன சொல்கிறது?

அதே 10 அடி காற்றாலை ஆண்டு முழுவதும் சராசரியாக 160 வாட் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளுக்கு 4 யூனிட்டுக்குச் சற்றுக் குறைவாகக் கிடைக்கும். 5 எச்.பி. மோட்டார் ஒன்றை ஒரு மணி நேரம் ஓட்டவே இது சரியாகப் போய்விடும்.

ஒரு யூனிட்டுக்கு 5 ரூபாய் என்று பார்த்தால், ஆண்டுக்கு மிச்சமாவது சுமார் 7,000 ரூபாய். கோபுரத்தோடு சேர்த்து ஒன்றரை லட்சம் ரூபாய் செலவானால், போட்ட பணம் திரும்ப 20 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். நடுவில் பேட்டரி, பேரிங் மாற்றும் செலவு தனி. தமிழ்நாட்டில் விவசாய இணைப்புக்கு மின்சாரம் இலவசம். வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். இணைப்பு உள்ள தோட்டத்தில் காற்றாலை வைத்தால் மிச்சமாக ஒன்றுமே இல்லை.

இதே 4 யூனிட்டை மாடியில் வைக்கும் 1 கிலோவாட் சோலார் பேனலே தந்துவிடும். அதற்கு கோபுரம் வேண்டாம், சுற்றும் பாகமும் கிடையாது. 2024-ல் தொடங்கிய பிரதமரின் சூர்ய கர் திட்டத்தில் 1 கிலோவாட்டுக்கு 30,000 ரூபாயும், 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் 78,000 ரூபாயும் மானியம் உண்டு. அது வீட்டுக் கூரை சோலாருக்கு மட்டும்தான். இதே மாவட்டத்தின் கமுதியில் 2016-ல் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் வந்ததற்கும் இங்கு அடிக்கும் வெயில்தான் காரணம்.

அப்படியென்றால் முப்பந்தலில் மட்டும் எப்படி?

ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக மலைகளுக்கு நடுவே நெருக்கிக்கொண்டு வரும் காற்று வேகமெடுக்கிறது. அங்கே நிற்பவை வானளாவிய பெரிய காற்றாலைகள். தமிழ்நாட்டின் காற்றாலைத் திறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டியதும் இத்தகைய இடங்களால்தான். அவற்றைப் பார்த்துவிட்டு, வீட்டுக் காற்றாலையும் அப்படியே ஓடும் என்று நினைக்கக் கூடாது.

யாருக்குத்தான் பயன்படும்?

மின்கம்பி எட்டாத இடத்துக்கு. பாக் நீரிணைக்கு அந்தப் பக்கம், யாழ்ப்பாணத்தை ஒட்டிய நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்கும் இந்தியாவின் 1.1 கோடி டாலர் நிதியுதவியில் கலப்பு மின் திட்டம் ஒன்று உண்டு. ஒப்பந்தம் 2024 மார்ச்சில் கையெழுத்தானது. திட்டத்தின் அளவு: சூரிய மின்சாரம் 1,700 கிலோவாட், காற்று 530 கிலோவாட், கூடவே பேட்டரியும் டீசல் ஜெனரேட்டரும். நாலு பக்கமும் கடல் சூழ்ந்த தீவிலேயே காற்றின் பங்கு கால்வாசிக்கும் குறைவு. அங்கு காற்றின் வேலை சூரியனுக்குத் துணை நிற்பது. வெயில் இல்லாத இரவிலும், மேகம் மூடிய பருவத்திலும் அது கைகொடுக்கும்.

இணைப்புக்காகக் காத்திருக்கும் தோட்டம், உப்பளக் கொட்டகை, ஊருக்கு வெளியே தனியாக நிற்கும் பண்ணை வீடு ஆகியவற்றுக்கும் இதே வழிதான். முதலில் சோலாரும் பேட்டரியும். காற்று நன்றாக இருந்தால் கூடவே ஒரு சிறிய காற்றாலை. தண்ணீர் இறைப்பது மட்டுமே தேவை என்றால், ஆரோவில்லில் உருவானதுபோல மின்சாரமே இல்லாமல் பம்பை நேரடியாக இயக்கும் பல இறக்கைக் காற்றாலையும் உண்டு. மெல்லிய காற்றிலேயே அது சுற்றத் தொடங்கிவிடும்.

வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை

- குளோபல் விண்ட் அட்லஸ் இணையதளத்தில் உங்கள் ஊரின் காற்று வேகத்தை இலவசமாகப் பார்க்கலாம். 100 மீட்டர் உயரத்துக்கான எண்ணை நம்பாமல் 10 மீட்டர் கணக்கைப் பாருங்கள்.
- ஆடி மாதக் காற்றை வைத்து முடிவு செய்யாதீர்கள். பங்குனி, சித்திரையில் எப்படி என்று பாருங்கள். முடிந்தால் காற்றுமானி வைத்து ஓராண்டு அளப்பது நல்லது.
- 'எத்தனை கிலோவாட்?' என்று கேட்காதீர்கள். 'இறக்கை எத்தனை அடி, மணிக்கு 18 கி.மீ. காற்றில் எத்தனை வாட்?' என்று கேளுங்கள்.
- சென்னை பள்ளிக்கரணையில் உள்ள தேசிய காற்றாற்றல் நிறுவனம் சோதித்த மாடலா என்று விசாரியுங்கள்.
- 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயலைப் பார்த்த கடற்கரை இது. புயல் எச்சரிக்கை வந்தால் சாய்த்துப் படுக்கவைக்கும் கோபுரமாகவும், உப்புக்காற்றுக்குத் துருப்பிடிக்காத பாகங்களாகவும் இருக்க வேண்டும்.
- ரிப்பேர் பார்க்க ராமநாதபுரத்திலோ மதுரையிலோ ஆள் உண்டா என்று கேளுங்கள். கோபுரத்தில் ஏற ஆள் கிடைக்காமல் நின்றுபோன காற்றாலை வெறும் இரும்புதான்.