வாசலைத் தோண்டாமல் சாக்கடைக் குழாயை சரி செய்யலாம்!
குழாய்க்குள்ளேயே புதுக் குழாய்! குழியில் ஆளை இறக்கினால் ஜெயில்!!

சென்னை-

கக்கூசில் தண்ணீர் ஊற்றினால் இறங்க மறுக்கிறது. குளியல் அறையில் "களக், களக்" என்று சத்தம். வாசலில் நிற்க முடியவில்லை. நாற்றம் குடலைப் பிடுங்குகிறது.

வீட்டுக்காரர் என்ன செய்வார்? தெரிந்த ஆளைக் கூப்பிடுவார். வந்தவர் ஒரு சுற்று சுற்றிப் பார்ப்பார். பிறகு இரண்டில் ஒன்றைச் சொல்வார்.

"தோண்டிப் பார்த்தாத்தான் சார் தெரியும்" என்பது ஒன்று.

"ஒரு ஆளை உள்ளே இறக்கிடலாம் சார். சீக்கிரம் முடிஞ்சிடும்" என்பது மற்றொன்று.

முதலாவது பணத்துக்குக் கேடு. இரண்டாவது உயிருக்கே கேடு! இந்த இரண்டும் இல்லாமல் மூன்றாவது வழி ஒன்று உண்டு.

ஏன் உடைகிறது?

பழைய வீடுகளில் பதித்தது சுட்ட மண் குழாய். இரண்டு இரண்டு அடித் துண்டுகளாக வைத்து, சிமெண்டு பூசி இணைத்திருப்பார்கள். மண் இறங்கினால் இணைப்பு விட்டுப்போகும்.

அந்த இடுக்கில் மரத்தின் வேர் மோப்பம் பிடித்து வந்துவிடும். தலைமுடி போல நுழையும் வேர், உள்ளே போனதும் துடைப்பம் போல விரியும். துணி, முடி, எண்ணெய்ப் பிசுக்கு எல்லாம் அதில் மாட்டிக்கொள்ளும்.

உடைந்த குழாய் சும்மா இருக்காது. பக்கத்தில் கிணறோ, தரைக்கு அடியில் தண்ணீர்த் தொட்டியோ இருந்தால் கழிவு அதில் கலக்கும். காலரா, டைபாய்டு, மஞ்சள் காமாலை என்று வரிசையாக வரும்.

முதலில் காமிரா

தோண்டும் முன்பு குழாய்க்குள் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும். அதற்கென்றே சிறு காமிரா இருக்கிறது. வளைகிற கம்பியின் நுனியில் அதைக் கட்டி உள்ளே விடுவார்கள். வேர் எங்கே, விரிசல் எங்கே, எத்தனை அடியில் என்பது திரையில் தெரிந்துவிடும்.

வெறும் அடைப்பு என்றால் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சும் எந்திரமே போதும். வேலை முடிந்தது. குழாயே விரிசல் கண்டிருந்தால்தான் அடுத்த கட்டம்.

தலையணை உறை வித்தை

குழாயின் உள் அளவுக்கு ஒரு நீளமான துணிக் குழல் தைத்திருப்பார்கள். தடித்த பாலியஸ்டர் துணி. அதை ரெசின் என்ற பிசினில் நன்றாக ஊற வைப்பார்கள்.

பிறகு தலையணை உறையைப் புரட்டுவது போல, காற்று அல்லது தண்ணீரின் அழுத்தத்தால் அதைக் குழாய்க்குள் புரட்டிக்கொண்டே செலுத்துவார்கள். பிசின் பக்கம் பழைய குழாயின் சுவரில் போய் ஒட்டிக்கொள்ளும். வெந்நீரோ நீராவியோ விட்டால் சில மணி நேரத்தில் கல் போல இறுகிவிடும். ஓட்டை வாளிக்கு இரண்டு பசையைப் பிசைந்து ஒட்டுகிறோமே, கிட்டத்தட்ட அதே சங்கதிதான்.

ஆக, பழைய குழாய்க்குள் இணைப்பே இல்லாத புதுக் குழாய்! இணைப்பு இல்லை, வேர் நுழைய வழியும் இல்லை. 50 ஆண்டு உழைக்க வேண்டும் என்ற கணக்கில் இதைச் செய்கிறார்கள்.

இதைக் கண்டுபிடித்தவர் எரிக் வுட் என்ற இங்கிலாந்து என்ஜினீயர். 1971-ம் ஆண்டு லண்டன் ஹாக்னி பகுதியில், சுமார் 70 மீட்டர் நீளமுள்ள பழைய செங்கல் சாக்கடையில் முதன்முதலாகச் செய்து காட்டினார். பின்னர் உலகம் முழுவதும் பரவியது. நம் நாட்டிலும் டெல்லி, மும்பை நகரங்களில் தெருவில் ஓடும் பெரிய சாக்கடைகளுக்குச் செய்திருக்கிறார்கள்.

இன்னொரு முறையும் உண்டு. கூம்பு போன்ற இரும்புத் தலையைக் கம்பியால் இழுப்பார்கள். அது பழைய குழாயை நொறுக்கிக்கொண்டே போகும். அதன் வாலைப் பிடித்துக்கொண்டு புது பிளாஸ்டிக் குழாய் வந்துவிடும். இரண்டு முனையிலும் ஒவ்வொரு குழி போதும்.

ஏமாறாதீர்கள்!

எல்லாக் குழாய்க்கும் இது சரிப்படாது. அடியோடு நொறுங்கி மண் மூடிய குழாய்க்குள் துணிக் குழல் போகாது. நடுவில் தொய்ந்து தண்ணீர் தேங்கும் குழாயில் போட்டால், புதுக் குழாயும் தொய்ந்தே நிற்கும். அங்கே அந்த இடத்தை மட்டுமாவது தோண்டித்தான் தீர வேண்டும்.

வீட்டின் சிறு குழாய்க்கு இதைச் செய்யும் ஆட்கள் எல்லா ஊரிலும் கிடைக்க மாட்டார்கள். கிடைத்தாலும் வேலைக்கு முன்பு எடுத்த காமிரா படத்தையும், முடிந்த பிறகு எடுத்த படத்தையும் கேட்டு வாங்குங்கள். குளியல் அறை, சமையல் அறையில் இருந்து வந்து சேரும் கிளைக் குழாய்களின் வாயைத் திறந்து விட்டார்களா என்றும் பாருங்கள். அதை மறந்துவிட்டால் புது அடைப்பு!

உயிரோடு விளையாட்டு

செலவுக்குப் பயந்து சிலர் ஒரு ஏழையைக் குழிக்குள் இறக்கி விடுகிறார்கள். உள்ளே இருப்பது விஷ வாயு. அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும் அந்த வாயு, அதிகமானால் மூக்கையே மரத்துப்போகச் செய்யும். நாற்றம் போய்விட்டது என்று நினைத்து இறங்குகிறவர் மயங்கி விழுவார். அவரைத் தூக்கப் போனவரும் விழுவார். ஒரே குழியில் இரண்டு பேர், மூன்று பேர் பிணமான செய்திகள் இப்படி வந்தவைதான்.

2013-ம் ஆண்டுச் சட்டப்படி, பாதுகாப்புக் கருவி இல்லாமல் சாக்கடையிலோ கழிவுத் தொட்டியிலோ ஆளை இறக்குவது குற்றம். முதல் தடவை 2 ஆண்டு வரை ஜெயில், அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுபடி செய்தால் 5 ஆண்டு வரை ஜெயில், 5 லட்சம் வரை அபராதம்.

"அவரே இறங்கினார், நான் சொல்லவில்லை" என்று வீட்டுக்காரர் கை கழுவிவிட முடியாது. கூலி பேசி வேலைக்கு வைத்தவருக்கும் பொறுப்பு உண்டு.

சாக்கடையில் இறந்தவர் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று 2023 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டது. ஆனால் அந்தப் பணம் போன உயிரைத் திருப்பித் தருமா?

சென்னையில் தெருச் சாக்கடை அடைத்தால் குடிநீர் வாரியத்தின் 1916 எண்ணுக்குப் போன் செய்யுங்கள். வீட்டுக்குள் அடைத்தால் எந்திரத்தைக் கூப்பிடுங்கள். மனிதனைக் குழிக்குள் அனுப்பாதீர்கள்!