அம்மியைத் தூக்கும் காற்று எங்கிருந்து வருகிறது?

‘ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும்’ என்பதற்கு ஓர் ‘உண்மைப் பொருள்’ வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருக்கிறது. அம்மி அல்லவாம், அம்மையாம். ஆடிக்காற்று அடித்தால் அம்மை நோய் பறந்துவிடும் என்பதுதான் இப்படித் திரிந்துபோயிற்றாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தப் பேச்சுக்கு ஒரு பின்பாதி உண்டு: அம்மியே பறக்கும்போது இலவம்பஞ்சு எம்மாத்திரம்? கனமானதையும் கனமற்றதையும் எதிரெதிரே நிறுத்திச் சொன்னது அது. இடையில் நோயைச் செருகினால் பஞ்சுக்கு வேலையில்லை. மிகையாகப் பேசுவது ஊர்ப்பேச்சின் உரிமை. அதை யாரும் திருத்தித் தரவேண்டியதில்லை.

எவ்வளவு மிகை என்று வேண்டுமானால் கணக்குப் பார்க்கலாம். 45 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம், 8 செ.மீ. உயரம் உள்ள கருங்கல் அம்மி ஏறத்தாழ 29 கிலோ இருக்கும். காற்று நொடிக்கு 15 மீட்டர், அதாவது மணிக்கு 54 கி.மீ. வேகத்தில் அதன் நீளப்பக்கத்தில் மோதட்டும். அந்தத் தள்ளுவிசை அரைக் கிலோ எடைக்குத்தான் சமம். தரையின் உராய்வை வென்று அம்மி ஓர் அங்குலம் நகரவே காற்று மணிக்கு ஏறக்குறைய 300 கி.மீ. வேகம் எடுக்கவேண்டும். 1999-இல் ஒடிசாவைச் சூறையாடிய பெரும்புயலின் வேகமே மணிக்குச் சுமார் 260 கி.மீ.தான். இலவம்பஞ்சின் கதை வேறு. அதன் இழை உள்ளே வெறும் குழல், பெரும்பகுதி காற்று. மூச்சு விட்டாலே போதும்.

அம்மி பறக்காது. ஆனால் அப்படிச் சொல்லத் தோன்றுமளவுக்கு ஆடியில் மட்டும் காற்று ஏன் வெறிகொள்கிறது? விடையைத் தேடி மொரீஷியஸ் தீவுக்கும் தெற்கே போகவேண்டும். நமக்குக் கோடை முடியும் நேரத்தில் அங்கே குளிர்காலம். தென் இந்தியப் பெருங்கடலில் காற்றழுத்தம் உயர்கிறது. வெயிலில் காய்ந்த வட இந்தியாவிலோ அழுத்தம் தாழ்ந்து கிடக்கிறது. தெற்கிலிருந்து புறப்படும் காற்று நிலநடுக்கோட்டைத் தாண்டும்போது, கிழக்கு ஆப்பிரிக்க மேட்டுநிலம் சுவர்போல் குறுக்கே நிற்கிறது. அதை ஒட்டியே வடக்கே ஓடி, பூமியின் சுழற்சியால் வலப்பக்கம் திரும்பி, சோமாலியக் கரையிலிருந்து அரபிக்கடலைக் கடந்து நம்மை நோக்கி வருகிறது. 1960-களில் இந்த ஓட்டத்தை ஆராய்ந்து விவரித்தவர் ஜான் ஃபைன்ட்லேட்டர் என்ற பிரிட்டிஷ் வானிலையாளர். அவர் பெயராலும் இதை அழைக்கிறார்கள். இது முழு வலிமையில் இருப்பது ஜூலையில். ஆடி தொடங்குவதும் ஜூலை நடுவில்தான்.

இந்த ஓட்டத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து சுமார் ஒன்றரைக் கிலோமீட்டர் உயரத்தில் செல்கிறது. எதிரே நிற்கும் மேற்குத் தொடர்ச்சி மலையில் தொட்டபெட்டாவின் உயரம் 2,637 மீட்டர், ஆனைமுடியின் உயரம் 2,695 மீட்டர். மலையில் ஏறும் காற்று கேரளப் பக்கம் மழையைக் கொட்டிவிட்டு வறண்டு கீழே இறங்குகிறது. நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே மட்டும் சுமார் 30 கி.மீ. அகலத்துக்கு மலைத்தொடர் அறுந்து கிடக்கிறது. அதுதான் பாலக்காட்டுக் கணவாய். தோட்டத்து ரப்பர் குழாயின் வாயை விரலால் நெருக்கினால் தண்ணீர் எப்படிச் சீறுமோ, அப்படி அந்த இடைவெளியில் காற்று நெருக்குண்டு கொங்குச் சமவெளிக்குள் பாய்கிறது. தெற்கே செங்கோட்டையிலும் ஆரல்வாய்மொழியிலும் இதைவிடக் குறுகிய வாசல்கள் உண்டு. செங்கோட்டை வழியே தப்பித்து வரும் ஈரம்தான் குற்றாலத்துச் சாரல்.

ஆகவே இந்தப் பழமொழி தமிழ்நாடு முழுவதற்கும் ஒரே அளவில் பொருந்துவதில்லை. சென்னைக்காரருக்கு இது வெறும் பேச்சு. பொள்ளாச்சிக்காரருக்கும் தென்காசிக்காரருக்கும் கூரை ஓடு சம்பந்தப்பட்ட விஷயம்.

காற்றாலைக்காரர்களும் இதே வாசல்களைத்தான் தேடிப் பிடித்தார்கள். முப்பந்தல், கயத்தாறு, உடுமலை, பல்லடம், கம்பம் பள்ளத்தாக்கு என்று காற்றாலைகள் நிற்கும் ஊர்களை வரைபடத்தில் குறித்துப் பாருங்கள்; பெரும்பாலும் ஏதாவது ஒரு கணவாயின் வாயில் இருக்கும். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதிலுள்ள ஆற்றல் எட்டு மடங்காகும். அதனால் வேகத்தில் சிறு வித்தியாசம்கூடப் பெரிய பணம். தமிழ்நாட்டில் இன்று நிறுவப்பட்டுள்ள காற்றாலைகளின் மொத்தத் திறன் 10,000 மெகாவாட்டுக்கும் மேல்.

சிக்கல் என்னவென்றால், இந்த வளம் ஏறக்குறைய ஐந்து மாதச் சரக்கு. மே மாதத்தில் தொடங்கி செப்டம்பரைத் தாண்டினால் அடங்கிவிடும். நெல்லைத் தூற்றுபவர் பதரைக் காற்றில் விட்டு மணியை அம்பாரமாகக் குவித்து வைத்துக்கொள்ளலாம். அந்தக் களத்து அறிவுரைதான் ‘காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்’. மின்சாரத்தை அப்படிக் குவித்து வைக்க முடியாது. ஆடியில் வலுவாகக் காற்றடிக்கும் நாள்களில், மின்கட்டமைப்பு ஏற்க முடியாமல் சில காற்றாலைகளை நிறுத்திவைக்கச் சொல்வதும் உண்டு. இதைச் சமாளிக்க, 2018 மார்ச் வரை நிறுவப்பட்ட காற்றாலைகளுக்கு ‘பேங்கிங்’ என்றொரு ஏற்பாட்டை மின்வாரியம் பல ஆண்டுகளாக வைத்திருக்கிறது. சொந்தக் காற்றாலை வைத்திருக்கும் நூற்பாலை, தன் தேவைக்கு மேல் உற்பத்தியானதை வாரியத்தின் கணக்கில் வரவு வைத்து, காற்றில்லாத மாதங்களில் ஈடாக எடுத்துக்கொள்ளலாம். கணக்கு ஏப்ரலில் தொடங்கி அடுத்த மார்ச்சில் முடிகிறது. எடுக்காமல் மிஞ்சிய யூனிட்டுக்கு என்ன விலை என்பதில்தான் வாரியத்துக்கும் ஆலைக்காரர்களுக்கும் ஓயாத இழுபறி.