உலகம் எதனால் ஆனது? மிலேட்டஸ் நகரின் மூன்று விடைகள்

அணு அமைப்பு பாடம் நடத்தும்போது டெமாக்ரிட்டஸின் பெயரை ஒரு வரியில் சொல்லிவிட்டு டால்டனுக்குச் சென்றுவிடுகிறோம். ஆனால், டெமாக்ரிட்டஸுக்கு முன்பே ஏறத்தாழ 150 ஆண்டுகளாகக் கிரேக்கர்கள் ஒரு கேள்வியை விவாதித்து வந்தனர்: காணும் பொருள்கள் அனைத்தும் எதனால் ஆனவை? அந்த விவாதம் தொடங்கிய விதத்தில் அறிவியல் ஆசிரியர்களுக்கு ஒரு பாடம் இருக்கிறது.

தேலீஸ்: நீர்

மிலேட்டஸ், இன்றைய துருக்கியின் மேற்குக் கரையில் இருந்த துறைமுக நகரம். பொ.ஆ.மு. 6ஆம் நூற்றாண்டில் அங்கு வாழ்ந்த தேலீஸ், எல்லாவற்றுக்கும் மூலம் நீர் என்றார். அவர் எழுதியது எதுவும் கிடைக்கவில்லை. உணவிலும் விதைகளிலும் ஈரம் இருப்பதைக் கண்டு அவர் இம்முடிவுக்கு வந்திருக்கலாம் என்கிறார் அரிஸ்டாட்டில். பூமி நீரில் மிதக்கிறது, அது ஆடுவதே நிலநடுக்கம் என்பதும் தேலீஸின் கருத்து. கடல் தெய்வம் பொசைடனின் சினமே நிலநடுக்கம் என்று மக்கள் நம்பிய காலம் அது.

அனாக்சிமாண்டர்: எல்லையற்றது

தேலீஸின் மாணவராகக் கருதப்படும் அனாக்சிமாண்டர், ஆசிரியரின் விடையை ஏற்கவில்லை. நீர் எல்லையற்றதாக இருந்தால், அதற்கு எதிரான நெருப்பு அழிந்திருக்க வேண்டுமே! எனவே மூலப்பொருள் நீராகவோ நெருப்பாகவோ இருக்க முடியாது என்று வாதிட்டார். எல்லையற்ற, இன்னதென்று வரையறுக்க முடியாத அதை 'அபெய்ரான்' என்றார். பூமியை எதுவும் தாங்கவில்லை, எல்லாப் பக்கமும் சம தொலைவில் இருப்பதால் அது அப்படியே நிற்கிறது என்றும் கூறினார்.

அனாக்சிமினிஸ்: காற்று

மூன்றாமவரான அனாக்சிமினிஸ், மூலப்பொருள் காற்று என்றார். ஒரு பொருள் எப்படி வேறொன்றாக மாறுகிறது என்பதையும் விளக்க முயன்றார். காற்று நெகிழ்ந்தால் நெருப்பு. நெருங்கினால் மேகம், நீர், மண், கல். இதற்குச் சான்றாக அவர் காட்டியது மூச்சுக்காற்று.

இதை வகுப்பிலேயே செய்து பார்க்கலாம். வாயை அகலத் திறந்து உள்ளங்கையில் ஊதச் சொல்லுங்கள், வெதுவெதுப்பாக இருக்கும். உதடுகளைக் குவித்து ஊதச் சொல்லுங்கள், குளிர்ச்சியாக இருக்கும். நெருங்கிய காற்று குளிரும் என்பது அனாக்சிமினிஸின் முடிவு. அது தவறு. வேகமாக ஊதும்போது சுற்றியுள்ள காற்றும் சேர்ந்து இழுக்கப்படுகிறது. தோலின் ஈரமும் விரைவாக ஆவியாகிறது. ஆனால் இவ்விளக்கத்தை உடனே சொல்லிவிடாமல், காரணத்தை முதலில் மாணவர்களிடம் கேளுங்கள்.

வகுப்பறைக்கு

மூவரின் விடைகளும் தவறானவை. ஆயினும் ஒவ்வொருவரும் காரணம் சொன்னதால்தான் அடுத்தவரால் அதை மறுக்க முடிந்தது. இல்லாததிலிருந்து எதுவும் தோன்றாது, எனவே மாற்றமே பொய்த்தோற்றம் என்று பின்னர் பார்மெனிடிஸ் வாதிட்டார். அழியாத அணுக்கள் வெற்றிடத்தில் சேர்வதும் பிரிவதுமே மாற்றம் என்று லியூசிப்பஸும் டெமாக்ரிட்டஸும் அதற்கு மறுமொழி தந்தனர்.

மேகம் புகையால் ஆனது என்று ஒரு குழந்தை சொன்னால், "தவறு, உட்கார்" என்பதோடு அந்த விவாதம் முடிந்துவிடுகிறது. மறுமுறை அக்குழந்தை கை தூக்காது. "ஏன் அப்படி நினைக்கிறாய்?" என்று கேட்டுவிட்டு, "இதை ஏற்காதவர் யார், ஏன்?" என்று வகுப்பைக் கேட்கலாம். இதற்கு ஐந்து நிமிடம் போதும். பாடப்பகுதியை முடிக்கும் அவசரத்திலும் அந்த ஐந்து நிமிடத்தை நாம் ஒதுக்க வேண்டும்.