நீர்ப்பிரமி: மூலிகையும் அது வளரும் நீரும்

ஈரநிலத்துச் சிறுபூண்டு

பக்கோபா மொன்னியேரி என்று தாவரவியலார் குறிப்பிடும் நீர்ப்பிரமி, குளக்கரை, வாய்க்கால் ஓரம் போன்ற ஈரம் காயாத நிலங்களில் தரையோடு படர்ந்து, கணுவுக்குக் கணு வேர்விட்டு வளரும் பூண்டு ஆகும். சதைப்பற்றுள்ள சிறிய இலைகள் எதிரெதிராக அமைந்திருக்க, இலைக்கக்கத்தில் வெண்மையான அல்லது இளம் ஊதா நிற மலர் ஒற்றையாகப் பூக்கும்.

பெயர் மயக்கம்

தமிழோடு கன்னடமும் தெலுங்கும் வழங்கும் ஒசூர்ப் பகுதியில் இம்மூலிகையின் பெயரில் கவனம் வேண்டும். ஏனெனில், பலர் பிராமி என்று சுட்டுவது வல்லாரையை. கன்னடத்தில் ஒந்தெலகா எனப்படும் அது, நீண்ட காம்பின் மேல் வட்ட இலை விரியும் வேறு குடும்பத் தாவரம். வேதிப்பொருள்களும் வேறாதலால், ஒன்றன் அளவை மற்றொன்றுக்குக் கொள்ளலாகாது.

நினைவாற்றல் பற்றிய ஆய்வு

நீர்ப்பிரமியின் சிறப்புக்குக் காரணமாகக் கருதப்படுபவை பக்கோசைடுகள், அதாவது நீரில் குலுக்கினால் நுரைக்கும் சபோனின் வகைப் பொருள்கள். 2001இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வொன்றில், நலமுள்ள 46 பெரியவர்களுள் ஒரு பிரிவினர் நாளொன்றுக்கு 300 மில்லிகிராம் சாறுப்பொருளை உட்கொண்டபோது, கற்கும் வேகத்தில் முன்னேற்றம் 12ஆம் வாரத்தில்தான் தெளிவாகத் தெரிந்தது. ஆகவே, தேர்வு நெருங்கும் வாரத்தில் பிள்ளைகளுக்கு இதைக் கொடுத்துப் பயனை எதிர்பார்ப்பதற்கு இவ்வாய்வில் இடமில்லை.

கெலவரப்பள்ளிக் கரையில் பறிக்கலாமா?

நந்திமலைப் பகுதியில் தோன்றும் தென்பெண்ணை, தமிழகத்திற்குள் நுழைந்ததும் ஒசூரை அடுத்துள்ள 44.28 அடி உயரமுள்ள கெலவரப்பள்ளி அணையில் தேங்குகிறது. பெங்களூரின் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளின் வழியே வரும் கழிவுநீர் ஆற்றில் கலப்பதால், அணையிலிருந்து நீர் வெளியேறும்போது வெண்ணுரை குவியலாகப் பொங்குவது பலமுறை நிகழ்ந்துள்ளது. நுரை கண்ணுக்குத் தெரிகிறது. நீரில் கரைந்த உலோகம் தெரிவதில்லை. நீர்ப்பிரமியோ செம்பு, காட்மியம், ஈயம், குரோமியம் முதலிய உலோகங்களை நீரிலிருந்து உறிஞ்சித் தன் திசுக்களில் சேர்த்துவைக்கும் இயல்புடையது. லக்னோவின் தேசியத் தாவரவியல் ஆராய்ச்சி நிறுவன ஆய்வாளர்கள், கழிவுநீரைத் தூய்மைப்படுத்த இத்தாவரம் உதவுமா என்றே ஆராய்ந்துள்ளனர். நீரைத் தூய்மையாக்கும் அந்தக் குணமே உண்பவருக்குத் தீங்காகிறது. இலையின் மேலுள்ள சேறு கழுவினால் போய்விடும், கிருமிகள் கொதிக்கவைத்தால் அழியும். திசுவுக்குள் ஏறிய காட்மியம் இரண்டினாலும் நீங்காது, உடலில் புகுந்தபின் சிறுநீரகத்தில் பல ஆண்டுகள் தங்கும். ஆதலால், கழிவுநீர் கலக்கும் ஆற்றோரத்திலும் ஆலைகளை ஒட்டிய ஓடைகளிலும் இது எவ்வளவு செழிப்பாகப் படர்ந்திருந்தாலும் கீரையாகவோ மருந்தாகவோ பறிப்பது தவறு.

பயன்படுத்துவோர் அறியவேண்டியவை

குமட்டல், வயிற்றுப்பிடிப்பு, அடிக்கடி மலம் கழிதல் ஆகியவை இதன் அறியப்பட்ட பக்கவிளைவுகள். தைராய்டு, வலிப்பு ஆகியவற்றுக்கு மருந்து உண்போரும் கருவுற்ற பெண்களும் மருத்துவரைக் கேளாமல் உட்கொள்ளக் கூடாது.

வீட்டில் வளர்ப்பது எளிது: நம்பகமான நாற்றங்காலில் வாங்கிய கணுத்துண்டுகளை அகன்ற தொட்டியில் தூய மண்ணிட்டு நட்டு, மழைநீரோ குடிநீரோ ஊற்றி ஈரம் குறையாமல் காத்தால், அவை வேர்விட்டுத் தொட்டி முழுவதும் படர்ந்துவிடும்.