உங்களுக்குத் தெரியுமா? சர்வர் கடிகாரம் தப்பும்போது...

சர்வரில் மணி தப்பினால், உடனே திருத்தக் கை வைக்காதீர்கள். எவ்வளவு தப்பியிருக்கிறது என்று முதலில் பாருங்கள். பாதிக் காரணம் அந்த எண்ணிலேயே தெரிந்துவிடும்.

● ஐந்தரை மணி நேரம்: துல்லியமாக 5 மணி 30 நிமிடம் தப்பினால் கடிகாரத்தில் கோளாறே இல்லை. இந்திய நேரம் உலகப் பொது நேரத்தைவிட அவ்வளவு முந்தியது. நேர மண்டல அமைப்பில்தான் குழப்பம். மதர்போர்டு கடிகாரம் காட்டுவதை விண்டோஸ் உள்ளூர் நேரமாக எடுத்துக்கொள்ளும். லினக்ஸ் பெரும்பாலும் பொது நேரமாக எடுத்துக்கொள்ளும். ஒரே கணினியில் இரண்டையும் போட்டவர்களுக்கு இந்த ஐந்தரை பழகிய தொல்லை.

● நாளுக்கு ஓரிரு விநாடி: இது படிகத்தின் இயல்பு. மதர்போர்டு கடிகாரத்தின் குவார்ட்ஸ் படிகம் விநாடிக்கு 32,768 முறை அதிரும். அதைப் பாதி பாதியாக 15 முறை குறைத்தால் கிடைப்பதுதான் ஒரு விநாடித் துடிப்பு. பத்து லட்சத்தில் 20 பங்கு பிசகினாலே நாளுக்கு 1.7 விநாடி, மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு நிமிடம் தப்பும். இந்த வகைப் படிகம் சுமார் 25 டிகிரி செல்சியஸுக்கு ஏற்றது. அதற்கு மேலே போனாலும் கீழே வந்தாலும் மெதுவாகும்.

● கரண்ட் போனால் பழைய தேதி: மின்சாரம் போய் வரும்போதெல்லாம் சர்வர் பல வருடம் பின்னால் போனால், மதர்போர்டில் இருக்கும் காசு வடிவ பேட்டரி தீர்ந்திருக்கலாம். அதன் பெயரே அளவுதான்: ‘2032’ என்றால் 20 மில்லிமீட்டர் விட்டம், 3.2 மில்லிமீட்டர் தடிமன்.

● தூங்கி எழுந்த சர்வர்: மெய்நிகர் சர்வரை இடைநிறுத்தி மீண்டும் ஓடவிட்டால், நின்ற நேரம் அதற்குத் தெரியாமல் போகலாம். மதிய உணவுக்குப் போகும்போது நிறுத்தி, வந்ததும் ஓடவிட்டால், உணவு நேரம் அளவுக்கே பின்தங்கி நிற்கும்.

● ஆயிரம் விநாடி: இணையம் வழியே நேரத்தைச் சரிசெய்யும் என்டிபி நெறிமுறையை உருவாக்கியவர் அமெரிக்காவின் டெலவேர் பல்கலைக்கழகப் பேராசிரியர் டேவிட் மில்ஸ். அதன் பழைய மென்பொருளான என்டிபிடி, பிழை 0.128 விநாடிக்குள் இருந்தால் மெல்லத் திருத்தும். மிஞ்சினால் ஒரே தாவலில் திருத்தும். 1,000 விநாடியைத் தாண்டினாலோ, ‘ஆள் வந்து பார்க்கட்டும்’ என்று தானே நின்றுவிடும். ‘ஓடிக்கொண்டுதானே இருந்தது, ஏன் நின்றது?’ என்ற கேள்விக்கு இதுவும் ஒரு விடை.

● மெதுவாக ஏன்? கடிகாரத்தைச் சட்டென்று பின்னுக்கு இழுத்தால், பின்னால் நடந்தது முன்னால் நடந்ததாகப் பதிவாகிவிடும், தரவுத்தளம் திணறும். அதனால்தான் இந்த நிதானம். மெல்லத் திருத்தும்போது ஒரு விநாடியைச் சரிக்கட்ட 2,000 விநாடி, அதாவது அரை மணிக்கும் மேல், ஆகும்.

● 377 நல்ல எண்: என்டிபி காட்டும் நேர மூலங்களின் பட்டியலில் ‘ரீச்’ என்ற பத்தியைப் பாருங்கள். 377 இருந்தால் கடைசி எட்டு விசாரிப்புக்கும் பதில் வந்திருக்கிறது. எட்டடிமான (ஆக்டல்) எண்ணான 377, இரும முறையில் எட்டு ஒன்றுகள். பூஜ்யமாகவே நின்றால், ஃபயர்வாலில் யுடிபி 123-ஆம் போர்ட் அடைபட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

● இரண்டு போதாது: இரண்டு நேர மூலங்கள் முரண்பட்டால் எது சரியென்று சர்வரால் சொல்ல முடியாது. மூன்று இருந்தால் பெரும்பான்மை பார்க்கலாம். நான்கு வைத்தால் ஒன்று படுத்தாலும் மூன்று மிஞ்சும். 2012 நவம்பர் 19 அன்று அமெரிக்கக் கடற்படை வானாய்வகத்தின் இரண்டு நேர சர்வர்கள் ஆண்டு 2000 என்று சொல்லின. அவற்றை மட்டும் நம்பிய அலுவலகங்கள் பன்னிரண்டு வருடம் பின்னால் போயின.

● சரியான பாஸ்வேர்டு, தவறான மணி: கெர்பெரோஸ் முறையில் உள்நுழையும்போது, இரு கணினிகளின் மணி 5 நிமிடத்துக்கு மேல் வேறுபட்டால் வழக்கமான அமைப்பில் அனுமதி கிடைக்காது. பாஸ்வேர்டை எத்தனை முறை அடித்தும் பயனில்லை.

● ஒரு விநாடி போட்ட சண்டை: 2012 ஜூன் 30 இறுதியில் உலக நேரத்தோடு ஒரு லீப் விநாடி சேர்ந்தது. லினக்ஸ் கெர்னலின் பிழை ஒன்றால் பல சர்வர்களின் பிராசஸர் சுமை எகிறியது. ரெடிட் தளமும் தடுமாறியது. மருந்து எளிது: ‘டேட்’ கட்டளையால் அதே நேரத்தை மறுபடி அமைத்ததுமே சுமை இறங்கியது.

● நம் நாட்டில்: இந்திய நேரத்தைப் பேணுவது புதுதில்லி தேசிய இயற்பியல் ஆய்வகம். 2022 ஏப்ரலில் நாட்டின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் பிறப்பித்த உத்தரவு, நிறுவனங்களின் கணினிகள் அந்த ஆய்வகத்தின் அல்லது தேசியத் தகவலியல் மையத்தின் நேர சர்வர்களோடு இசைந்திருக்கச் சொல்கிறது.

● நாள் குறித்தாயிற்று: என்டிபி 1900-லிருந்து விநாடிகளை 32 பிட்டில் எண்ணுகிறது. அந்த எண்ணிக்கை 2036 பிப்ரவரி 7, நம் நேரப்படி முற்பகல் 11.58-க்கு நிரம்பி மீண்டும் பூஜ்யமாகும். சர்வரின் சொந்தக் கடிகாரத்தின் பிழை 68 வருடத்துக்குள் இருந்தால், அது எந்தச் சுற்று என்று கண்டுகொள்ளலாம். ஆகவே, அந்தக் காசு பேட்டரியை அதற்குள் ஒருமுறை மாற்றிவிடுங்கள்.